சாய்வு நாற்காலி நீதிபதி

கிரிக்கெட் பந்தை நாம் கையால் தொட்டு வெகு காலமாகிறது. கடைசியாகத் தொட்டதும், தெருப் பையன்கள் அடித்து நம் கொல்லையில் வந்து விழுந்த பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்தபோதுதான். ஆயினும், பந்தை எப்படி வீச வேண்டும் என்பதைப் பற்றி நமக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. கூடத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காபி டம்ளரைக் கையில் ஏந்தி, டெலிவிஷனை நோக்கியதும் அந்த அபிப்பிராயங்கள் தீர்ப்புகளாகிவிடும். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அந்த நாற்காலியிலிருந்து நாம் மிக அதிகமாகத் தண்டித்தவர், டில்லியைச் சேர்ந்த நெட்டையான வேகப் பந்து வீச்சாளர் இஷாந்த் சர்மா.

முதலில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டவர்களும் நாமே. 2008 ஜனவரியில் பெர்த் மைதானத்தில், 19 வயதுப் பிள்ளையாக இருந்த அவர், ஆஸ்திரேலியக் காப்டன் ரிக்கி பான்டிங்கைத் திணற அடித்தார். அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வேளையில், இன்னும் ஓர் ஓவர் போட முடியுமா என்று கேட்டார் நமது காப்டன் கும்ப்ளே. பிள்ளை போட்டார், அந்த ஓவரில் பான்டிங் டிராவிடிடம் பிடி கொடுத்து வெளியேறினார். இந்தியா 72 ரன்னில் வென்றது. அன்று நாம் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை.

பிறகு விக்கெட்டுகள் குறைந்தன. நமது ஆனந்தமும் குறைந்தது. 2013 அக்டோபர் 19-ம் தேதி மொஹாலியில் ஒரு நாள் பந்தயம். ஆஸ்திரேலியாவுக்கு 18 பந்துகளில் 44 ரன் வேண்டும். இஷாந்த் சர்மா 48-வது ஓவரைப் போட வந்தார். ஜேம்ஸ் பாக்னர் அந்த ஆறு பந்துகளில் நான்கு சிக்ஸர் உட்பட 30 ரன் விளாசினார். பந்தயம் கை நழுவிற்று.

அன்றிரவு நாம் உபயோகித்த வார்த்தைகளை இங்கே அச்சிட இயலாது. அச்சிடத் தகுந்தவற்றில் ஒன்று: "முப்பது ரன் கொடுத்தவன் எந்த முகத்தோடு வீடு திரும்புவான்?" நம் அருகில் தரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தவன் பன்னிரண்டு வயது மருமகன், நம் தமக்கையின் பிள்ளை. நம் வீட்டில் தங்கிப் படித்து வந்தான். பள்ளிக்கூடக் கோஷ்டியில் அவனும் பந்து வீச்சாளன்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு சனிக்கிழமை, அவன் பந்தயத்துக்குப் போனவன் விளக்கு வைத்த பிறகும் திரும்பவில்லை. தேடிப் போனோம். தெருக் கோடியில் இருந்த பிள்ளையார் கோயில் திண்ணையில், பையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏனடா வீட்டுக்கு வரவில்லை?" என்று கேட்டோம்.

"கடைசி ஓவரில் பத்தொன்பது ரன் கொடுத்துவிட்டேன், மாமா. எந்த முகத்தோடு வருவது?" என்றான்.

நேயர்களே, அந்த வாக்கியம் யாருடையது என்று நமக்குத் தெரியும். பதில் சொல்ல நா எழவில்லை. அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தோம். இல்லத்தரசி அவனுக்குச் சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டாள். நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் பையன் பந்தைத் தொடவில்லை.

2014 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் பந்தயம். ஐந்தாம் நாள், பந்தைக் குட்டையாகக் குத்தி எழும்பச் செய்யும்படி தோனி வற்புறுத்தினார். இஷாந்த் சர்மா அப்படியே வீசி, அந்த இன்னிங்ஸில் 74 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். 1986-க்குப் பிறகு லார்ட்ஸில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். மருமகன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பரண் மேலிருந்த பந்தைத் தேடி எடுத்தான்.

மொஹாலிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் ஒருவரோடும் பேசாமல் அழுது தீர்த்ததாக, பின்னாளில் ஒரு பேட்டியில் இஷாந்த் சர்மா கூறினார். இன்னொரு விஷயமும் சொன்னார். பந்தை இன்னும் முன்னே குத்தும்படி எல்லோரும் அவருக்குப் புத்தி சொன்னார்களாம். வேகம் குறையாமல் அதைச் செய்யும் வழியை ஒருவரும் சொல்லவில்லையாம். 2018-ல் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் கோஷ்டியில் ஆடப் போனபோது, ஜேஸன் கில்லெஸ்பி அந்த வழியைக் காட்டினாராம். குற்றம் சொன்னவர்கள் ஆயிரம் பேர். வழி சொன்னவர் ஒருவர். ஆயிரம் பேரில் நாம் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர் ஜயித்துக் காட்டியதால்தான் நாம் மனம் மாறினோம் என்றால் அதில் பெருமை ஏதுமில்லை. லார்ட்ஸில் ஒரு விக்கெட்டும் விழாமல் போயிருந்தாலும், நாம் சொன்ன சொல் தவறான சொல்தான். இதைப் புரிந்து கொள்ள நமக்கு ஒரு கோயில் திண்ணை தேவைப்பட்டது.

2021 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் அவர் தமது 300-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். தொற்று நோய்க் காலமாதலால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர் கையை உயர்த்தினார்.

நம் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாயிற்று. எழுந்து நின்று கை தட்டினோம். மருமகன் நம்மை ஏறிட்டுப் பார்த்து, அவனும் எழுந்து நின்றான்.