20 சென்ட் மணல்

குதிரையேற்றம் பணக்காரர்களின் விளையாட்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதற்குக் காரணம் குதிரையின் விலை அல்ல. குதிரை ஓடும் இடத்தின் விலை. கல்யாண ஊர்வலங்களிலிருந்து ஓய்வுபெற்ற என் கேசரை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்குத்தான் வாங்கினேன். ஆனால் பயிற்சி மைதானம் என்று பேச்செடுத்ததும் நகரத்துக் கான்ட்ராக்டர் சொன்ன தொகைக்கு ஒரு சிறிய வீடே கட்டிவிடலாம். கடைசியில் 81 ஆயிரம் ரூபாயில் நானே அமைத்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ராணுவத்தின் ரிமவுண்ட் வெட்டினரி கோரில் சேர்ந்து, 24 ஆண்டுகள் குதிரைகளோடும் கோவேறு கழுதைகளோடும் காலம் தள்ளியவன். மகனுக்கு ஜோத்பூரில் வேலை என்பதால் ஓய்வுக்குப் பிறகு அங்கிருந்து 30 கி.மீ. தள்ளி ஒரு கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறினேன். குதிரை சவாரிக்கான காற்சட்டைக்கே உலகம் முழுவதும் ஜோத்பூர் பெயர்தான். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரையின் சொந்த ஊரும் இதுதான்.

கேசர் மார்வாரிப் பெண் குதிரை. பழுப்பு உடல், கறுப்புப் பிடரி. பத்து வருஷமாகத் தார் ரோட்டில், பேண்டு சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளைகளைச் சுமந்ததில் முன்னங்கால் தசைநார் பழுதாகிவிட்டது. இப்போது ஊர்வலங்களில் 'நுக்ரா' எனப்படும் வெள்ளைக் குதிரைகளுக்குத்தான் கிராக்கி. கால் பழுதான பழுப்புக் குதிரையை யார் வைத்துச் சோறு போடுவார்கள்? 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியக் குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சுருங்கியதில் ஆச்சரியம் இல்லை.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். பாய்ச்சலில் ஒரு கணம் மொத்த உடலும் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. தரை கெட்டியாக இருந்தால் மூட்டு அதிரும். மணல் ஆழமாக இருந்தால் தசைநார் இழுபடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தரை கேசருக்குத் தேவைப்பட்டது.

20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் என்பது சிறிய பயிற்சி மைதானத்தின் உலகளாவிய அளவு. நம் கணக்கில் சுமார் 20 சென்ட். அகலம் இதற்குக் குறையக் கூடாது. 20 மீட்டர் வட்டத்தில் சுற்றவைப்பதுதான் பயிற்சியின் அரிச்சுவடி. நான்கு முளை, ஒரு கயிறு போதும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 44.72 மீட்டர் வந்தால் செவ்வகம் சரி.

மேல்மண்ணை வழித்தெடுக்க டிராக்டருக்கு 5,400 ரூபாய். பள்ளங்களை நிரப்ப, இங்கே முரம் என்று சொல்லும் கிராவல் 10 டிராலி, 12 ஆயிரம். ரோலர் வாடகை 4 ஆயிரம். பாலைவனத்தில் மழைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார்கள். இங்கே மழை வந்தால் வருஷத்துக்கானது நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 20 செ.மீ. சரிவு வைத்தோம். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப் அதற்குப் போதும்.

அடுத்தது மணல். ஜோத்பூரில் மணலுக்கா பஞ்சம் என்பீர்கள். மணல்மேட்டு மணல் இதற்கு உதவாது. காற்றில் உருண்டு உருண்டு மழமழப்பான அந்த மணிகள் குளம்பின் அடியில் வழுக்கி ஓடும். மீதியைக் காற்று கொண்டுபோகும். முனை மழுங்காத ஆற்று மணல்தான் பிடித்து நிற்கும். ராஜஸ்தானில் ஆற்று மணல் அள்ள 2017 நவம்பரில் தடை விதித்த உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் அதை நீக்கியது. நான் வேலை தொடங்கியது 2023 குளிர்காலத்தில். 5 செ.மீ. உயரத்துக்கு 40 கனமீட்டர், அதாவது 20 டிராலி, 40 ஆயிரம் ரூபாய். மணலை முதலில் குறைவாகப் போட வேண்டும். போதவில்லையென்றால் ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட்டலாம். கொட்டியதை அள்ளுவதுதான் சிரமம்.

இந்தப் பக்கத்தில் வேலி என்றால் மணற்கல் பலகைகளை வரிசையாக நட்டுவிடுவார்கள். மலிவு, உறுதி. ஆனால் குதிரையிலிருந்து விழுகிறவனுக்குக் கல்முனை எமன். எனவே பாதி புதைத்த பழைய டயர்களும் யூக்கலிப்டஸ் கழிகளும், 9 ஆயிரம். இரண்டு பேருக்குப் பத்து நாள் கூலி 10 ஆயிரம். சவாரிக்காரருக்கு இடம் காட்டும் எட்டு எழுத்துகளை எண்ணெய் டின்களில் எழுத பெயிண்டோடு 600. மணலைச் சமன் செய்ய என் ஊர் வயலின் ஞாபகத்தில் ஒரு பரம்பு: பழைய கட்டில் சட்டம், அதன்மேல் ஒரு கல். செலவில்லை.

வேலைக்கு வந்த இருவரில் ஒருவர் மேக்வால் சமூகத்தைச் சேர்ந்தவர், தலித். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பதினோரு வயது மகள் கேசரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தரை தயாரானதும், "ஏறுகிறாயா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லுமுன் அப்பா சொன்னார்: "வேண்டாம் ஃபௌஜி சாப். நாளைக்கு நாங்கள் இந்த ஊரில் இருக்க வேண்டும்."

வட இந்தியக் கிராமங்களில் குதிரை வெறும் வாகனம் அல்ல. மணமகன் குதிரையேறி ஊரைச் சுற்றும் 'பிந்தோலி' ஊர்வலத்தில் தலித் இளைஞர்களைக் கீழே இறக்கிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. 2022 ஜனவரியில் இதே மாநிலத்தின் பூந்தி மாவட்டப் போலீசார், தலித் மணமகன்கள் தடையின்றிக் குதிரையில் போவதற்காகவே 'ஆபரேஷன் சமான்தா' என்ற திட்டத்தைத் தொடங்கவேண்டி இருந்தது.

"இது என் வேலிக்குள் இருக்கிற மண்" என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு மகளை அனுப்பினார். மூன்றாவது மாதத்தில் அவள் சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கேசரை மெதுவோட்டத்தில் வட்டமடிக்க வைத்தாள். நான்காவது மாதம் ஊர்ப் பெரியவர் ஒருவர் டீ குடிக்க வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். வெளியூர்க்காரர்களுக்கு இங்கத்திய வழக்கம் தெரியாது என்றார். அடுத்த இரண்டு வாரம் தீவன வண்டி என் வாசலில் நிற்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தேன்.

கடந்த குளிர்காலத்தில் அந்த அப்பா மறுபடி வந்தார். மூத்த மகனுக்குக் கல்யாணம். அவருடைய கல்யாணத்தில் அவர் நடந்தேதான் போனார். மகன் குதிரையில் போக ஆசைப்படுகிறான். வாடகைக் குதிரைக்காரர்கள் கை விரித்துவிட்டார்கள். கேசர் கிடைக்குமா?

எந்தத் தார் ரோட்டிலிருந்து அவளைக் காப்பாற்ற 20 டிராலி மணல் கொட்டினேனோ அதே ரோட்டுக்குத்தான் கேட்கிறார். முடியாது என்று கால்நடைக்காரனாகச் சொல்ல எனக்கு முழு நியாயம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் அது எப்படிக் காதில் விழும்? வாடகைக் குதிரைக்காரர்களும் ஏதோ ஒரு நியாயம் சொல்லித்தான் மறுத்திருப்பார்கள். அன்று இரவு என் மனைவி சொன்னாள்: "அவளால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று பாருங்கள். முடியாது என்பதை அப்புறம் சொல்லலாம்."

பார்த்தேன். குளக்கரையை ஒட்டிய மண்பாதையில் போனால் 400 மீட்டர். வெடி கூடாது, பேண்டு கூடாது, ஒரே ஒரு டோலக். லகானை நான்தான் பிடிப்பேன். போலீசுக்கு மனு கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று வாரம் மாப்பிள்ளை தினமும் மாலையில் மைதானத்துக்கு வந்தான். கையில் வாளுக்குப் பதில் ஒரு கழி. குதிகாலைத் தாழ்த்து, தூரத்தில் பார், லகானைப் பிடித்துத் தொங்காதே என்று தங்கைதான் சொல்லிக் கொடுத்தாள். டோலக்காரர் முதல் நாள் வேலிக்கு வெளியே வெகு தூரத்தில் நின்று அடித்தார். தினமும் பத்தடி நெருங்கினார். அவர் அடிக்கும்போதெல்லாம் கேசருக்கு ஒரு பிடி கொள்ளு. கடைசி வாரத்தில் டோலக் சத்தம் கேட்டாலே வாயைச் சப்பினாள். தினமும் காலையில் முன்னங்காலைத் தடவிப் பார்ப்பேன். சூடு தெரிந்த இரண்டு நாள் சவாரி இல்லை.

பிந்தோலி பிப்ரவரியில் நடந்தது. முன்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள், நடுவில் நாங்கள். சில வீடுகளின் கதவு மூடியிருந்தது. சில திண்ணைகளில் பேச்சு நின்றது. யாரும் வழி மறிக்கவில்லை. டீ குடிக்க வந்த பெரியவர் தன் வாசலில் நின்று பார்த்தார். என்ன நினைத்தார் என்பது முகத்தில் தெரியவில்லை. மாப்பிள்ளை கற்றுக்கொண்டபடி தூரத்தில் பார்த்தபடியே போனான். அவன் அப்பா குதிரைக்குப் பின்னால், கும்பலின் கடைசியில் நடந்தார். ஏன் அங்கே என்று பிறகு கேட்டேன். "அங்கேயிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்" என்றார்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் டிரெஸ்ஸாஜ் குழு தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து. அந்தச் செய்தியை நானும் சந்தோஷமாகப் படித்தேன். ஆனால் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? 20 சென்ட் நிலமும் ஒரு பரம்பும் பல பஞ்சாயத்துகளுக்கும் பள்ளிகளுக்கும் எட்டாத பொருள் அல்ல. வேலிக்குள் யாரை விடுவது என்ற கேள்விக்குத்தான் எந்தக் கான்ட்ராக்டரும் விலை சொல்ல முடியாது.

கேசரின் கால் இப்போது நன்றாக இருக்கிறது. வடக்கு மூலையில் மணல் மெலிந்துவிட்டது. அடுத்த மழைக்குமுன் இரண்டு டிராலி கொட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் பிள்ளைகள் இப்போது ஐந்து பேர். ஐந்தாவதாகச் சேர்ந்தவன் அந்தப் பெரியவரின் பேரன். அவனுக்கும் அந்தப் பெண்தான் கற்றுக்கொடுக்கிறாள்.