தரையைப் பார்த்து வாங்கு!

வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கும் கூரைக்கும் செய்கிற யோசனையில் பாதிகூடத் தரைக்குச் செய்வதில்லை. ஆனால் விழித்தது முதல் படுக்கிற வரை நம்மைத் தாங்குவது அதுதானே?

எங்கள் வீட்டுத் தரையை மாற்றுவதென்று தீர்மானமானதும் ஆளுக்கோர் அபிப்பிராயம் கிளம்பிற்று. தாஜ்மஹாலுக்குப் போட்ட மக்ரானா சலவைக்கல்தான் வேண்டும் என்றார் என் கணவர்.

"ஷாஜஹான் அந்தக் கல்லின் மேல் புளி கரைத்தானா, கேளுங்கள்!" என்றேன் நான்.

என் மாமியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சென்ற வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், கைத்தடியோடு நடக்கிறவர். "என்ன கல்லோ போடுங்கள் அம்மா, அறைக்கு அறை படி வைக்காதீர்கள்" என்றார் கடைசியில். அவர் பயமில்லாமல் நடக்க வேண்டும். அதுதான் என் முதல் கணக்கு.

கல் கடைக்குப் போகும்போது கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துப் போனேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டுமே! சலவைக்கல், கடப்பா, ராஜஸ்தானத்துக் கோட்டா மூன்றும் சுண்ணாம்பு வம்சம். புளிப்புப் பட்டால் அரிக்கும். மெருகேற்றிய சலவைக்கல் துண்டில் சாறு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தேன். அந்த இடம் மங்கிவிட்டது. கிரானைட்டோ அப்படியே இருந்தது. ஆகவே சமையலறைக்குக் கிரானைட். கூடத்துக்கு மெருகேற்றாத கோட்டா. குளியலறைக்குச் சொரசொரப்பான கிரானைட். பளபளக்கும் கல் கண்ணுக்கு அழகு, ஈரக் காலுக்கு எமன்!

நல்ல கல் வாங்கினால் போதாது; பதிப்பதிலும் கண் வேண்டும். குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி வாட்டம் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப் பார்த்தேன். கல்லுக்கு அடியில் கலவை முழுதும் பரவாவிட்டால் பின்னால் விரியும். காய்ந்தபின் நாணயத்தால் தட்டினால் பொள்ளலான இடம் வேறு சத்தம் கொடுக்கும். கூடத்தில் இரண்டு கற்கள் அப்படி ஒலித்தன. மேஸ்திரி முகம் சுளித்தார்; ஆனாலும் பெயர்த்து மறுபடி பதித்தார். இன்னொன்று, சகோதரிகளே: கறை போகவென்று ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கறையோடு கல்லின் மெருகும் போய்விடும்.

இப்போது மாமியார் இரவில் யாரையும் எழுப்பாமல் தாமே எழுந்து போய் வருகிறார். என் கணவருக்காக ஜன்னல் திண்டில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறோம். எங்கள் வீட்டு ஷாஜஹானுக்கு அது போதும்!