பனியில் நின்ற வண்டிகள்: மீனாட்சிபுரம் நாட்குறிப்பு

மீனாட்சிபுரம், டிசம்பர் 5

மலைச்சாலையில் பனி விழத் தொடங்கினால் வண்டி மாட்டிக்கொள்வது மூன்று விதம். சக்கரம் பிடிப்பு இழந்து ஓரத்துக்குச் சறுக்கும். முன்னால் நிற்பவை நகராததால் பின்னால் வருபவையும் நின்றுபோகும். சரிவிலிருந்து இறங்கிய பனி சாலையையே மூடிவிடும். இவற்றில் முதல் வகையில்தான் மீட்பவருக்கு வேலை குறைவு. பெரும்பாலும் அவர் வரும்முன் எல்லாம் முடிந்திருக்கும். 2023-ல் இதே தேதியில், சோஜிலா கணவாய்ச் சாலையில் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து சுற்றுலா போன நண்பர்களின் வண்டி ஒன்று வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. சித்தூர் இளைஞர்கள் நால்வரும் காஷ்மீர்க்காரரான ஓட்டுநரும் அன்றே இறந்தார்கள். மீனாட்சிபுரம் அதே சித்தூர் தாலுகாவின் எல்லையோர ஊர்.

இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த பனி, ஜனவரி விடியலில் மூணாற்றுப் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் காணாமல் போகும் உறைபனி. சோஜிலா 11,575 அடி உயரம். அங்கே புதிதாக விழுந்த பனியைவிட, வண்டிகள் ஏறி மிதித்து, மதியம் கொஞ்சம் உருகி, சாயங்காலம் மறுபடி இறுகிய பனிதான் ஆபத்து. அது வெள்ளையாக இருக்காது; நனைந்த தார் மாதிரி கறுப்பாகத் தெரியும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. உள்ளூர் ஓட்டுநர்கள் சக்கரத்தில் சங்கிலி சுற்றி, முதல் கியரில், எஞ்சின் இழுவையிலேயே இறக்குவார்கள். நான்கு சக்கர இழுவை வண்டி ஏறுவதற்கு உதவும். இறக்கத்தில் நிறுத்துவதற்கு அதனால் பெரிய பயன் இல்லை. வாடகைக்கு அதை எடுத்தவர்கள் பலர் இதை இறக்கத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

டிசம்பர் 24

இரண்டாம் வகைக்கு இமாச்சலின் மணாலி. 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளம். ரோதாங் கணவாய் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக வழி செய்தது அது. கூடவே, பனி பார்க்க வருகிற ஒவ்வொரு காரையும் பத்தாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. 2021 ஜனவரி 2 இரவு சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே 300-க்கு மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். 2024 டிசம்பர் 23-ல் அதே இடத்தில் ஏறக்குறைய 1,000 வண்டிகள் நின்றன. நான்கு நாள் கழித்து சோலாங்கில் மறுபடி அதே கதை. சுமார் 5,000 பேரைக் குல்லு போலீஸார் கீழே இறக்கினார்கள்.

இங்கே பனியின் ஆழத்தைவிட வரிசையின் நீளம்தான் சிக்கல். பனி அள்ளும் இயந்திரம் மேலே போயாக வேண்டும்; போகிற பாதை முழுக்க கார். ஆகவே மீட்பு கீழ் முனையில் தொடங்குகிறது. முதலில் இரு பக்கமும் புது வண்டி வராமல் மறிப்பார்கள். பிறகு வரிசையின் கடைசி வண்டியைத் திருப்புவார்கள், அடுத்து அதற்கு முந்தியது. மண்ணும் உப்பும் தூவிய இடம்வரை ஒவ்வொன்றாகத் தள்ளி இறக்கவேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் காரை விட்டு இறங்கி, சங்கிலி கட்டிய ஜீப்பில் மாறுவார்கள். மீட்கப்படுவது ஆட்கள்தான். வண்டி அங்கேயே கிடந்தாலும் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்பது மீட்பவர்களுக்குப் புரிகிறது, உரிமையாளருக்குப் புரிவதில்லை. வரிசையை விட்டு வெளியேறி, எதிர்த் தடத்தில் முந்தப் பார்க்கும் ஒரே ஒரு கார், பின்னால் இருக்கும் நூறு குடும்பங்களின் இரவைக் கெடுத்துவிடும். தண்டிக்க வேண்டிய குற்றம் அது.

டிசம்பர் 28

2018-ல் இந்த நாள், சிக்கிமில் நாதுலாவும் சாங்கு ஏரியும் பார்த்துவிட்டு கேங்டாக் திரும்பிய சுமார் 2,500 பேர், முந்நூறு நானூறு வண்டிகளோடு பனியில் அகப்பட்டார்கள். நாதுலா 14,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீத அளவுதான். காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணிக்கு இது தலைவலியோடு போய்விடும். இரவு முழுக்க அங்கேயே கிடந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. எனவே ராணுவத்தினர் சாலை திறக்கும்வரை காத்திருக்கவில்லை; பயணிகளைக் காரிலிருந்து இறக்கி, 17-ஆம் மைல், 13-ஆம் மைல் முகாம்களில் தங்கவைத்து, சாப்பாடும் கம்பளியும் மருந்தும் கொடுத்தார்கள். டோசர்கள் அதன்பிறகு வழியைத் திறந்தன.

குளிரில் விறைத்துப்போனவரைக் கையாளுவதில் நம் ஊர்ப் பழக்கங்கள் சில தீங்கானவை. கைகாலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த போர்வையில் சுற்றி, நெஞ்சுப் பகுதியை முதலில் சூடாக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் தரலாம். மது உடம்புச் சூட்டை வெளியேற்றும்; சூடு ஏறியதுபோல் தோன்றுவது ஏமாற்று.

ஜனவரி 8

2022-ல் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் ஜனவரி 7 இரவு நான்கு அடிக்கு மேல் பனி பெய்தது. விடிந்து பார்த்தபோது இருபதுக்கு மேற்பட்டவர்கள் கார்களுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். சாவுக்குக் குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணம். ராவல்பிண்டியிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடும் ஊர் அது. உதவிக்கு எட்டாத காடு இல்லை.

ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுகிறார்கள், கண்ணாடிகளை இறுக ஏற்றுகிறார்கள். பின்னால் பனி உயர்ந்து புகைக்குழாயை மூடுகிறது. வெளியேற வழியில்லாத புகை வண்டியின் அடிப்பக்கம் தேங்கி, தரையின் இடுக்குகள் வழியே உள்ளே ஏறுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, பிறகு தூக்கம். தூங்குகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவரும் தூங்கிவிடுகிறார்.

எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பும்முன் ஒருவர் இறங்கி, புகைக்குழாயின் வாயைச் சுற்றியுள்ள பனியைக் கையாலாவது தோண்டி எடுக்க வேண்டும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடி ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும். ஆழ்ந்த பனியில் நடந்து உதவி தேடுவதும் தவறு. வண்டியை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், தனி ஆளை முடியாது.

முர்ரீயில் நிர்வாகத்தின் பிழையும் பெரிது. விசாரணைக்குப் பின் 15 அதிகாரிகள்மேல் நடவடிக்கை வந்தது. மலையின் கொள்ளளவுக்கு மேல் கார்களை ஏறவிட்டதே அடிப்படைத் தவறு.

பிப்ரவரி 2

லாரிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. சமவெளியில் நிரப்பிய டீசலிலுள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு பில்டரை அடைக்கும். எஞ்சின் தும்மி நின்றுவிடும். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென வெளியிட்ட குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரிவரை உறையாது. மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று பழைய டீசலோடு இரவு நிறுத்துவதுதான் வழக்கமான பிழை.

மார்ச் 16

2023-ல் சோஜிலா 68 நாள் மூடலுக்குப் பிறகு திறந்த நாள். எல்லைச் சாலைகள் அமைப்பு, 1960-ல் தொடங்கப்பட்டது, இந்தக் கணவாயை இரு முனையிலிருந்தும் வெட்டுகிறது: காஷ்மீர்ப் பக்கம் பீக்கன் திட்டம், லடாக் பக்கம் விஜயக் திட்டம். டோசர் தள்ளும். ஸ்னோ கட்டர் பனியைச் சுரண்டி ஓரத்துக்கு வீசி எறியும். திறந்த பிறகு சாலையின் இருபுறமும் காரைவிட உயரமான வெள்ளைச் சுவர் நிற்பது, படம் எடுக்க அழகு. நடுவில் வண்டி நின்றால் ஒதுங்க இடமில்லை. திறந்த முதல் நாட்களில் ஒரு பக்கப் போக்குவரத்து மட்டும் அனுமதிப்பது அதனால்தான்.

ஏப்ரல் 4

மூன்றாம் வகை, பனிச்சரிவு. 2023-ல் இதே நாளில் கேங்டாக்–நாதுலா சாலையின் 15-ஆம் மைலில் சரிந்த பனி ஏழு சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. சாலையைத் திறந்தபிறகு, மேலே சிக்கியிருந்த சுமார் 350 பேரும் 80 வண்டிகளும் இறங்கின. அன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி 13-ஆம் மைல்வரைதான். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே சாலையில் 89 வண்டிகளில் ஏறத்தாழ 900 பேர் மாட்டியிருந்தார்கள்.

சரிவில் புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் வாய்ப்பு சடசடவென்று இறங்கிவிடும். பனி இறுகி, விட்ட மூச்சே உறைந்து முகத்தின் முன் மூடியாகிவிடுவதுதான் காரணம். அதனால் ஜேசிபி வரும்வரை நிற்காமல், பக்கத்தில் இருப்பவர்களே நீளக் கம்பியால் குத்திப் பார்த்து மண்வெட்டியால் தோண்டுகிறார்கள்.

ஜூலை 13

கோடையிலும் பனியில் சிக்குவது நடக்கும். 2023 ஜூலையில் இமாச்சலின் சந்திரதால் ஏரிக்கரையில், சுமார் 14,000 அடி உயரத்தில், 250-க்கு மேற்பட்டோர் பல நாள் சிக்கினார்கள். உடல்நலம் குன்றிய சிலரை விமானப்படை ஹெலிகாப்டர் எடுத்துப்போனது. மற்றவர்களுக்காக லோசார் பக்கமிருந்து குன்ஸும் கணவாய் வழியே பனியை வெட்டிக்கொண்டு போனார்கள். அமைச்சர் ஜகத் சிங் நேகியும் உடன் போனார்; ஸ்பிதி மக்கள் மண்வெட்டியோடு வேலை செய்தார்கள். 13-ஆம் தேதி எல்லாரும் வெளியே வந்தார்கள்.

கடைசியாக, பெயர்ப் பட்டியல் பற்றி ஒன்று. நாதுலாவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கியே போகவேண்டும். யார் யார், எந்த வண்டி என்பது அதில் இருக்கும். முர்ரீக்கு அப்படி ஒன்றும் இல்லை. எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்குச் சோதனைச் சாவடி என்றாலே ஒரு சலிப்பு உண்டு. விடுமுறைக்கு வடக்கே வண்டி எடுப்பவர்கள் அங்கே அந்தச் சலிப்பைக் காட்டவேண்டாம். பெயரையும் வண்டி எண்ணையும் எழுதச் சொன்னால் எழுதிவிடுங்கள். எத்தனை பேரைத் தேடவேண்டும் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும்.