முதற் சந்திப்புக்கு ஓர் உணவகம்

நிக்காஹ் பேசி முடிக்குமுன் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மார்க்கம் இடந்தருகிறது. எங்கே பார்ப்பது? பெண் வீட்டில், உறவினர் சூழப் பலகாரத் தட்டுகள் பரப்பிய பின், 'வேண்டாம்' என்று சொல்ல அப்பெண்ணுக்கு நா எழுமா? ஆகவே நம் மகனுக்காகச் சென்னையில் உணவகம் தேடினோம். கூட்டம் மிகுந்த பிரியாணிக் கடைகளில் அடுத்து உண்ண வருவோர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பர், பேச்சு ஓடாது. அண்ணா சாலைப் புகாரியைத் தேர்ந்தோம். 1951இல் தோன்றியது, 'சிக்கன் 65' பிறந்த இடமென்பர். (நமக்கு அங்கே தேநீரே போதும்!) பகல் நெரிசல் கலைந்த மாலை 4 மணி. பெண்ணின் தமையனார் கண்ணுக்கெட்டும், காதுக்கெட்டாத மேசையில் அமர்ந்தார். மகனிடம் ஒன்றே சொல்லியிருந்தோம்: "நீ குறைவாகப் பேசு, அவர் கேட்கட்டும்." ஒரு மணி நேரமாயிற்று. பெண்ணின் பதில் இன்னும் வரவில்லை, நாமும் கேட்டனுப்பவில்லை.