நெடுந்தீவின் கல்வேலிகள்

குறிகட்டுவான் துறையிற் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் நெடுந்தீவை அடையலாம். செல்வோர் பலர் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் பார்த்துவிட்டு விரைந்து திரும்பிவிடுகின்றனர். அவை பார்க்கத் தக்கனவே. ஆயினும், ஒழுங்கைகளில் ஆறுதலாக நடப்போருக்கே அத்தீவு தன்னைக் காட்டும்.

எம் கண்ணைக் கவர்ந்தவை வேலிகள். யாழ்ப்பாணத்துப் பனையோலை வேலிகளல்ல. சாந்தின்றி முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். குனிந்து நோக்கினால் கல்தோறும் பூவேலை செய்தாற் போன்ற வரிகள்! ஒரு காலத்திற் கடலடியில் உயிர்த்திருந்தவையல்லவா?

சில வளவுகளில் வேலி இருந்தது, வீடு இல்லை. கிணறு இருந்தது, துலா இல்லை. அத்தகைய வளவொன்றின் வேலியிலே, கறுத்த கற்களின் நடுவே நாலைந்து கற்கள் மட்டும் வெளுத்திருந்தன. அண்மையிற் புரட்டி அடுக்கியவை என்பது தெளிவு. அயலிலே நின்ற முதியவரை வினவினோம்.

"ஆடுகள் ஏறி விழுத்திப்போடும், ஐயா. நான்தான் எடுத்து அடுக்கிறனான்."

"உங்கள் வளவோ?"

"இல்லை, பக்கத்து வீட்டாற்றை. தொண்ணூறாம் ஆண்டு போனவை. வரேக்கை எல்லை தெரியவேணுமெல்லே?"

அவருடைய வேலியைப் பார்த்தோம். அதிலே இரண்டிடங்களிற் கற்கள் சரிந்து கிடந்தன.