அடுப்புப் புகையும் அண்டை வீட்டுச் சாளரமும்



ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உள்ள பழைய பங்களாக்களில் கூடத்துச் சுவரில் கணப்படுப்பு இருக்கும். அடையாற்றில் நமக்கு வாய்த்த நெருப்பு சமையலறை நெருப்பு ஒன்றுதான். அதன் புகையை எந்த வழியாக வெளியேற்றுவது என்னும் கேள்வி, கஸ்தூரிபா நகரில் புதிய வீட்டுக்குக் குடிபுகுமுன் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது.

கட்டுநர் சமையலறையின் பக்கச் சுவரில் நான்கு அங்குலத் துளை ஒன்று விட்டிருந்தார். அதற்கு நேரெதிரே, ஆறடி தள்ளி, அடுத்த கட்டடத்து மாமியின் சாளரம். பகலெல்லாம் அவர் அமர்ந்து படிக்கும் இடம் அது. துளை நம் சுவரில் இருக்கிறது. ஆகவே நம் உரிமை என்று எண்ணிவிடலாம். அப்படித்தான் முதலில் நாங்களும் எண்ணினோம்.

கடைக்காரர், குழாயே வேண்டாத சிம்னியைப் பரிந்துரைத்தார். அது புகையை இழுத்து, கரி வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் ஓரளவு பிடித்துவைத்து, அதே காற்றைச் சமையலறைக்குள் திருப்பி விடுகிறது. வெப்பமும் நீராவியும் உள்ளேயே தங்கிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை கரியை மாற்றவும் வேண்டும். நாள்தோறும் தாளிப்பும் மீன் பொரியலும், ரமலானில் அஸருக்குப் பின் வடையும் சமூசாவும் பொரியும் வீட்டுக்கு அது போதாது. குழாயுள்ள சிம்னிதான் என்று முடிவு செய்தோம். வலைவடிகட்டி நம் எண்ணெயில் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால், கழுவ எளிதான தகட்டு வடிகட்டி உள்ளதாகப் பார்த்தோம்.

எஞ்சியது துளையின் சிக்கல். எங்கள் மனத்தை உறுத்தியது இறைச்சி வாடை. மாமி சைவம், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முகம் சுளிப்பாரே என்று அஞ்சினோம். பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று தடுத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மனிதருக்குத் தொல்லை தருவது வானவருக்கும் தொல்லை என்று காரணம் கூறியிருக்கிறார்கள். வாடையையும் துன்பமாகக் கணக்கில் கொண்ட மார்க்கத்தில் இருந்துகொண்டு, சுவர் நம்முடையது என்று வாதிட மனம் வரவில்லை. இருவருமாகச் சென்று மாமியிடமே கேட்டோம்.

“மீன் வாசனையெல்லாம் எனக்குப் பழகிடுத்தும்மா. இந்த மிளகாய் வறுக்கற நெடிதான் ஆகாது, மூச்சு வாங்கறது. நம்மாத்துல வறுத்தாலே நான் வாசலுக்கு எழுந்து போயிடுவேன்” என்றார்.

நாங்கள் வெட்கித் திரும்பினோம். அவருடைய மூச்சைப் பற்றி நாங்கள் எண்ணவே இல்லை. அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

பின்புறம் துணி துவைக்கும் இடத்து வழியாகக் குழாயைக் கொண்டுபோகச் சொன்னபோது பொருத்துபவர் தயங்கினார். அவர் தயக்கத்தில் நியாயம் இருந்தது. குழாய் நீள நீள இழுவிசை குறையும். ஒவ்வொரு வளைவும் அதை மேலும் குறைக்கும். இவ்வழியில் ஒன்பது அடி கூடுதல் குழாய், ஒரு வளைவு மிகுதி. நான்கு அங்குலத்துக்குச் சுருக்கினால் இரைச்சலும் சேரும் என்பதால் ஆறு அங்குல அலுமினியக் குழாயையே கடைசிவரை இட்டு, மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும் இயந்திரத்தை வாங்கினோம். எண்ணியதைவிட ரூ. 4,500 கூடிற்று. பிற்பகலில் கடற்காற்று திரும்பினால் புகையை உள்ளே தள்ளிவிடாதிருக்க, குழாயின் வாயில் தானே மூடிக்கொள்ளும் தகட்டு மூடியும் போட்டோம். கட்டுநரின் துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தாயிற்று.

ஒன்றைப் பொருத்துபவரிடமிருந்து கற்றோம். வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று நுழைய வழி வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சிம்னியை ஓட்டினால் இயந்திரம் வெறுமனே இரையும். எனவே மாமியின் பக்கத்துச் சாளரத்தைச் சமைக்கும்போது சற்றே திறந்து வைக்கிறோம். சிம்னி ஓடும்வரை அவர் பக்கத்துக் காற்று நம் வீட்டுக்குள் வருகிறதே ஒழிய, நம் புகை அங்கே போவதில்லை.

குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்தியதை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் ஆணத்தை மாமிக்குக் கொடுக்க இயலாது. பெருநாளன்று சேமியாப் பாயசம் போகிறது, அவ்வளவே.

மின்சாரம் நின்றுவிட்டால் மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. சிம்னி ஓய்ந்த மறுகணம் புகை அந்தச் சாளரத்தையே தேடிப் போகும். ஆகவே மிளகாயை வீட்டில் வறுப்பதை நிறுத்திவிட்டோம். மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறோம். வறுத்து அரைத்த பொடியின் மணம் இதில் இல்லை என்று உம்மா இன்னும் குறை சொல்கிறார்.