பெருக்கலும் கூட்டலும்

இலக்கியம் கற்பிக்கும் ஒருவனுக்கு மோட்டார் எஞ்சினில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அக்காள் மகன் எழுதிய மடல்தான் காரணம். கடல்மட்டத்தை ஒட்டிய ஹூஸ்டனிலிருந்து, சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்கு அவன் குடிபெயர்ந்தான். அவனுடைய சூப்பர்சார்ஜர் பொருத்திய காரின் பூஸ்ட் மானி, முன்பு 0.6 பார் காட்டியது, இப்போது 0.5 பாரைத் தாண்டவில்லை. முள் இறங்கியது சிறிதே. ஆனால் வண்டியின் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழுது ஏதுமில்லை என்று பணிமனையில் கூறிவிட்டார்களாம்.

உண்மையில் பழுது ஏதுமில்லைதான். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழல்வது. எஞ்சின் சுழலும் வேகத்திற்குக் கட்டுப்பட்டது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அது ஏறத்தாழ ஒரே மடங்காகப் பெருக்குகிறது. இவ்வளவு என்று கூட்டித் தருவதில்லை. 1.6 மடங்கு என்று கொள்வோம். கடலோரத்தில் 1 பார், 1.6 பார் ஆகிறது. டென்வரில் 0.83 பார், ஏறத்தாழ 1.33 பார்தான் ஆகிறது. மானியோ வெளிக்காற்றுக்கு மேலுள்ளதை மட்டுமே காட்டும். எனவே அதில் தெரியும் இழப்பு 0.1 பார், எஞ்சின் உண்மையில் இழந்தது 0.27 பார், அதாவது ஆறில் ஒரு பங்கு.

அதே மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்னும் மலையில் 1916-இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப்பந்தயம் இன்றும் நடக்கிறது. முடிவுக்கோடு 4,302 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் 0.6 பார் அளவே. நம் சூப்பர்சார்ஜர் அங்கு தருவது 0.96 பார், கடற்கரையில் எந்தத் துணையுமற்ற எஞ்சின் இயல்பாகப் பெறும் காற்றைவிடவும் குறைவு! 2018-இல் அங்கே 7 நிமிடம் 57.148 நொடியில் சாதனை படைத்தது, காற்றே தேவைப்படாத மின்சாரக் கார்.

சிறிய புல்லி மாட்டினால் சூப்பர்சார்ஜர் விரைந்து சுழலும். ஆனால் அதே வண்டி சமவெளிக்கு இறங்கும்போது அழுத்தம் மிகுந்து எஞ்சின் கெடலாம். டர்போவின் வழி வேறு. புகைபோக்கி வாயுவால் சுழலும் அதற்கு இலக்கு அழுத்தம் ஒன்று உண்டு. காற்று மெலிந்தால், கட்டுப்பாட்டு வால்வு வாயுவை வெளியே கசியவிடாமல் டர்போவை நோக்கித் திருப்ப, அது மேலும் விரைந்து சுழன்று குறையை ஈடுசெய்யும். அதற்கும் வேக வரம்பும் வெப்ப வரம்பும் உண்டு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின், முதலாண்டு வகுப்பு வேறு விதமாகத் தெரிகிறது. அறுபது பேருக்கும் ஒரே உரை, ஒரே குரல், ஒரே மணி நேரம். வீட்டில் புத்தக அலமாரி இருப்பவனையும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளையும் அந்த உரை ஒரே மடங்குதான் பெருக்குகிறது. அதைச் சமத்துவம் என்கிறோம். தேர்வோ பூஸ்ட் மானியைப் போல அவரவர் நின்ற இடத்திலிருந்து அளப்பதில்லை. எல்லாரையும் கடல்மட்டத்திலிருந்தே அளக்கிறது.

இப்பருவம் முதல், மாலையில் ஒரு மணி நேரம் சிலருடன் மட்டும் அமர்கிறேன். எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியவில்லை. காற்று மெலிந்த இடத்தில், யாரேனும் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது.